மௌசரின் மூன்றாவது காது

பேங்க்காரனுக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். படித்தது பி.காம், கையில் இருக்கும் ஒரே ஆயுதம் பால்பாயிண்ட் பேனா. இந்தியாவில் வேட்டை 1972 சட்டத்தோடு முடிந்துபோன விஷயம், அது முடிந்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் நான் இப்போது குப்பை கொட்டுவது கல்கத்தாவுக்கு வடக்கே பாரக்பூரில். லோக்கல் ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தாண்டினால் இச்சாப்பூர். 1904-ல் ஆரம்பித்த ரைபிள் ஃபேக்டரி அங்கேதான் ஹூக்ளி நதிக்கரையில் இருக்கிறது. எங்கள் கிளைக்கு வரும் பென்ஷன்தாரர்களில் பலர் அங்கே லேத்திலும் ஃபிட்டிங்கிலும் முப்பது முப்பத்தைந்து வருடம் உழைத்தவர்கள்.

நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வரும்போது இவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். எங்களுக்குத்தான் இருக்காது. அப்படியும் ஒரு பெரியவர் சொன்ன ஒரு வாக்கியம் மனதில் தங்கிவிட்டது. "பழைய ரைபிளைச் செய்தவன், அதைப் பிடிக்கப்போகிறவன் பயந்துபோவான் என்று நினைத்துச் செய்தான். இப்போது செய்கிறவன், வாங்குகிறவன் விலையைப் பார்ப்பான் என்று நினைத்துச் செய்கிறான்." வங்காளியும் ஹிந்தியும் கலந்து சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். இது உண்மையா, இல்லை எல்லாத் தாத்தாக்களும் சொல்லும் 'அந்தக் காலம் போல வருமா' புலம்பலா? அதைத் தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. துப்பாக்கியில் ஆர்வம் இல்லாதவர்களும் படிக்கலாம். இதில் பாதி கணக்கு வழக்கு.

தாழ்ப்பாள் தத்துவம்

முதலில் 'போல்ட் ஆக்‌ஷன்' என்றால் என்ன? நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பியை முன்னால் தள்ளி, குமிழைக் கீழே திருப்பினால் கதவு பூட்டிக்கொள்ளும். மேலே திருப்பி, பின்னால் இழுத்தால் திறந்துகொள்ளும். போல்ட் என்றால் அந்தக் கம்பிதான். ரைபிளிலும் அதே சமாச்சாரம். முன்னால் தள்ளும்போது மேகசினில் இருக்கும் தோட்டாவைக் குழலின் அடியிலுள்ள அறைக்குள் கொண்டுபோகும். கைப்பிடியைக் கீழே திருப்பினால் பூட்டு விழும். சுட்டபிறகு மேலே திருப்பிப் பின்னால் இழுத்தால் வெந்துபோன பித்தளை உறை வெளியே வந்து விழும். மறுபடி தள்ளினால் அடுத்த தோட்டா.

பூட்டு என்று சும்மா சொல்லவில்லை. வேட்டை ரைபிள் வெடிக்கும் நேரத்தில் அறைக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு அளவுக்குப் போகும். உங்கள் கார் டயரில் இருப்பது 30, 35 பவுண்டு. இந்த அழுத்தத்துக்கும் சுடுகிறவரின் முகத்துக்கும் நடுவில் இருப்பது இந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான். அதன் தலைப்பக்கம் இரண்டு புடைப்புகள் இருக்கும். திருப்பும்போது அவை சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்து முட்டுக்கொடுக்கும். லக் என்பார்கள். நான் 'காது' என்றே சொல்லப்போகிறேன்.

ஆக, ஓர் ஆக்‌ஷன் செய்யவேண்டிய வேலை நான்கு: ஊட்டுவது, பூட்டுவது, சுடுவது, கழிப்பது. நூற்றிருபது வருடச் சண்டை முழுக்க இந்த நான்கைப் பற்றித்தான்.

ஓபர்ன்டார்ஃப் தம்பி

ஜெர்மனியில் நெக்கர் நதிக்கரையில் ஓபர்ன்டார்ஃப் என்று ஓர் ஊர். வூர்ட்டம்பர்க் ராஜ்ஜியத்தின் ஆயுதச்சாலை அங்கே இருந்தது. அங்கே வேலை பார்த்தவரின் பதின்மூன்றாவது குழந்தை பால் மௌசர், பிறந்தது 1838. அண்ணன் வில்ஹெல்ம் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ள, தம்பி பட்டறையைப் பார்த்துக்கொண்டார். 1871-ல் இவர்களுடைய ஒற்றைத் தோட்டா ரைபிளை ஜெர்மன் ராணுவம் எடுத்துக்கொண்டது. அதிலிருந்து வருடத்துக்கு வருடம் திருத்தித் திருத்தி 1898-ல் வந்ததுதான் புகழ்பெற்ற '98 ஆக்‌ஷன்'. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. 1882-லேயே போய்விட்டார்.

98-ல் அப்படி என்ன விசேஷம்? மூன்று விஷயங்கள் சொல்கிறேன்.

ஒன்று, நகம். போல்ட்டின் வலப்பக்கத்தில் விரலைவிட நீளமாக ஒரு வில் தகடு, நுனியில் கொக்கி. மேகசினிலிருந்து தோட்டா மேலே எழும்பும்போதே அதன் அடிவிளிம்பு இந்தக் கொக்கிக்குள் சறுக்கிப் புகுந்துவிடும். அந்த நொடியிலிருந்து வெளியே விழும்வரை தோட்டா போல்ட்டின் பிடியிலேயே இருக்கும். பாதி தள்ளிவிட்டுப் பயத்தில் பின்னால் இழுத்துவிட்டீர்களா? பரவாயில்லை, தோட்டாவும் கூடவே வந்து வெளியே விழும். அடுத்து தள்ளினால் அடுத்த தோட்டா ஒழுங்காகப் போகும். உறை அறைக்குள் ஒட்டிக்கொண்டாலும் அகலமான நகம் விடாமல் பிடித்து இழுக்கும்.

இரண்டு, மூன்றாவது காது. முன்னால் இருக்கும் இரண்டு காதுகளே வேலைக்குப் போதும். மௌசர் போல்ட்டின் பின்பக்கம் இன்னொன்று வைத்தார். சாதாரணமாக அது எதிலும் முட்டாது, ஒரு வேலையும் செய்யாது. முன்காதுகள் இரண்டும் உடைந்துபோகும் ஒரு நாள் வந்தால், அன்றைக்கு மட்டும் போல்ட் கண்ணில் பாயாமல் நிறுத்துவதற்காக அது அங்கே இருக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால் இது 'கன்டின்ஜென்சி ரிசர்வ்'.

மூன்று, புகைப்போக்கி. தோட்டாவின் அடி கிழிந்து வாயு பின்னால் பீறிட்டால், போல்ட்டின் அடியில் உள்ள துளைகள் அதை இடப்பக்கமாகத் திருப்பிவிடும். போல்ட்டின் பின்முனையில் ஒரு தட்டையான விளிம்பு, மிச்சத்தை முகத்தில் படாமல் தடுக்கும்.

மற்றவன் கண்ணுக்கு இவ்வளவு யோசித்தவர் 1901-ல் வேறொரு துப்பாக்கியை, தானே இயங்கும் மாதிரி ஒன்றை, சோதிக்கும்போது அது வெடித்துத் தன் கண் ஒன்றை இழந்தார். விதி என்பதைத் தவிர என்ன சொல்ல?

இந்த அமைப்பின் மதிப்பு எதிரிகளுக்குத்தான் முதலில் தெரிந்தது. 1898-ல் க்யூபாவில் ஸ்பானியர்கள் கையிலிருந்த 1893 மாடல் மௌசரிடம் அமெரிக்கர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பிறகு 1903-ல் அவர்கள் செய்த ஸ்ப்ரிங்ஃபீல்டு ரைபிளில் மௌசரின் பேட்டன்டுகள் இருந்ததால் 2,00,000 டாலர் ராயல்டி கட்ட வேண்டியிருந்தது. தோற்கடித்தவன் தோற்றவனின் ஆயுதத்துக்குப் பணம் கட்டிய கதை உலகத்தில் நிறைய இருக்காது.

இங்கிலாந்துத் தாழ்ப்பாள், இச்சாப்பூர்த் தாழ்ப்பாள்

நம் நாட்டில் எல்லோரும் பார்த்திருக்கும் போல்ட் ஆக்‌ஷன் மௌசர் இல்லை. போலீஸ்காரர் தோளில் தொங்கும் 303. கரன்ஸி செஸ்ட் வாசலில் அதைப் பார்க்காத பேங்க்காரன் கிடையாது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் அதற்கு விடைகொடுத்தது.

இது லீ-என்ஃபீல்டு. ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் அமைப்பு. இதில் பூட்டும் காதுகள் போல்ட்டின் முன்னால் இல்லை, பின்னால் இருக்கின்றன. அதனால் போல்ட்டை அதிக தூரம் இழுக்க வேண்டாம். கைப்பிடியை 60 டிகிரி தூக்கினால் போதும், மௌசருக்கு 90. மேகசினில் பத்துத் தோட்டா, மௌசரில் ஐந்து. முதல் உலகப்போருக்கு முன்னால் பிரிட்டிஷ் சிப்பாய்க்கு நிமிடத்துக்கு 15 குறிபார்த்த சூடு என்று பயிற்சி கொடுத்தார்கள். இந்த வழவழப்பு இருந்ததால்தான் அது முடிந்தது.

குறை எங்கே? பூட்டு பின்னால் இருப்பதால் வெடிக்கும்போது போல்ட் முழுவதும் அமுங்குகிறது, சட்டம் கொஞ்சம் இழுபடுகிறது. கதவின் மேல்முனையை விட்டுவிட்டு கீழ்முனையில் மட்டும் தாழ் போட்ட மாதிரி. 303-ன் அழுத்தத்துக்கு இது தாங்கும். பெரிய மிருகத்துக்கான அதிக சக்தித் தோட்டாக்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்கிறவர்கள் லீ பக்கம் அதிகம் போகவில்லை. 1962 சீனப் போரையொட்டி இதையே 7.62 மில்லிமீட்டர் நேட்டோ தோட்டாவுக்கு மாற்றி '2ஏ' என்று இச்சாப்பூரில் செய்தபோது, மேம்பட்ட உருக்கைப் போட்டுத்தான் செய்தார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. ஜான் ரிக்பி என்ற துப்பாக்கிக் கம்பெனி முதலாளி 1887 முதல் 1894 வரை என்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலையின் சூப்பரின்டென்டன்ட். லீயின் போல்ட் பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் வந்தது அவர் காலத்தில்தான். அதே மனிதரின் கம்பெனி அடுத்த சில வருடங்களில் பிரிட்டனில் மௌசருக்கு ஏஜென்ட் ஆனது. சர்க்கார் வேலைக்கு லீ, சொந்தக் கடைக்கு மௌசர்! 7×57 என்ற மௌசர் தோட்டாவுக்கு ரிக்பி வைத்த இங்கிலீஷ் பெயர்தான் .275 ரிக்பி. யானைக்கும் காட்டெருமைக்கும் 1911-ல் வந்த .416 ரிக்பியும் மௌசரின் பெரிய சைஸ் ஆக்‌ஷனில் கட்டியது.

இந்தியாவில் இன்னொரு சங்கடம் இருந்தது. ராணுவத் தோட்டா ஜனங்களின் துப்பாக்கியில் பொருந்தக்கூடாது என்பதில் வெள்ளைக்கார சர்க்கார் கறாராக இருந்தது. 1857-ஐ அவர்கள் மறக்கவே இல்லை. 1907-ல் .450 அளவுக்கே தடை வந்தது, பழைய மார்ட்டினி-ஹென்றிகளுக்கு அந்தக் குண்டுகள் போய்விடும் என்று. உடனே கம்பெனிகள் .465, .470, .475 என்று அளவை மாற்றி விற்றார்கள். சட்டத்துக்கும் சந்துக்கும் உள்ள உறவு அன்றைக்கும் இதேதான். 303-ம் பொதுஜனத்துக்குக் கிடையாது. அதனால் அதே லீ ஆக்‌ஷனில், ஆஸ்திரியாவின் 8×50 மான்லிக்கர் தோட்டாவின் வழியில் வந்த .315 அளவுக்கு வேட்டை ரைபிள் வந்தது. முதலில் இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்தது, பிறகு இச்சாப்பூர். இன்றைக்கும் லைசென்ஸ் உள்ளவர் .315 வாங்கலாம், 303 வாங்க முடியாது. அடிப்படையில் இரண்டும் ஒரே தாழ்ப்பாள். சாம்ராஜ்ஜியம் போய்விட்டது, அதன் சந்தேகம் மட்டும் தோட்டாவின் அளவில் தங்கிவிட்டது.

கார்பெட்டின் கையில்

பயந்த கைக்குச் செய்தது என்று பெரியவர் சொன்னாரே, அதைச் சோதிக்க ஜிம் கார்பெட்டைவிட நல்ல சாட்சி கிடையாது.

1907-ல் சம்பாவத் பெண்புலி. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அன்றைக்குக் கார்பெட்டிடம் மௌசர் இல்லை. ஒரு .500 ரைபிளும் மூன்றே தோட்டாக்களும். மூன்றும் தீர்ந்தபிறகும் புலி உயிரோடு நின்றது. ஓடிப்போய் தாசில்தாரின் கையிலிருந்த பழைய குண்டுத் துப்பாக்கியைப் பிடுங்கி வந்து முடித்தார். அந்தத் துப்பாக்கியோ இணைப்பில் இடைவெளி விட்டுப்போன தகர டப்பா ரகம்.

இதற்காக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட் பரிசாகக் கொடுத்ததுதான் .275 ரிக்பி. உள்ளே இருப்பது 98 மௌசர் ஆக்‌ஷன், ஐந்து தோட்டா. பரிசு கொடுத்தவருக்குச் சம்பாவத்தின் பாடம் நன்றாகப் புரிந்திருக்கிறது போல.

1930 ஏப்ரலில் சௌகட் பெண்புலி. பாறை ஒன்றைச் சுற்றி வந்தால் சில அடி தூரத்தில் புலி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. இடது கையில் வழியில் எடுத்த இரண்டு பறவை முட்டைகள். வலது கையில் இந்த ரைபிள். ஒரே கையால் மெல்ல மெல்ல முக்கால் வட்டம் திருப்பிச் சுட்டார். கனமான இரட்டைக்குழல் துப்பாக்கியாக இருந்திருந்தால் ஒரு கையால் திருப்பியிருக்க முடியாது. கவனியுங்கள், இங்கே நகமோ மூன்றாவது காதோ காப்பாற்றவில்லை. காப்பாற்றியது எடை குறைவு. போல்ட் ஆக்‌ஷன் எளிமையானது, இலகுவானது, இரட்டைக்குழலில் சிறு பங்கு விலை. இந்த நேர்மையான காரணங்களையும் சொல்லாமல் மௌசர் புராணம் மட்டும் பாடினால் அது பக்தி ஆகிவிடும்.

நம் பக்கத்து ஆள் கென்னத் ஆண்டர்சனையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஓசூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஜவளகிரியிலும் தர்மபுரிக் காடுகளிலும் அவர் தூக்கித் திரிந்தது .405 வின்செஸ்டர். அது போல்ட் இல்லை, கீழே இருக்கும் நெம்புகோலை இறக்கி ஏற்றும் 'லீவர் ஆக்‌ஷன்', 1895 மாடல். ஆகவே ஆட்கொல்லிப் புலிக்கு மௌசர்தான் வேண்டும் என்று எந்த சாஸ்திரமும் இல்லை. எதுவாக இருந்தாலும் இரண்டாவது தோட்டா தவறாமல் போகவேண்டும், அவ்வளவுதான்.

1964: ஒரு காஸ்ட் அக்கவுன்டிங் பாடம்

இனி அமெரிக்கா. ஏன் அங்கே போகிறோம் என்றால், பழைய ஆக்‌ஷன் எங்கே முடிந்து புதிய ஆக்‌ஷன் எங்கே ஆரம்பிக்கிறது என்ற கோடு அங்கேதான் விழுந்தது. வருடத்தோடு சொல்லலாம்.

1936-ல் வின்செஸ்டர் கம்பெனி 'மாடல் 70' என்ற வேட்டை ரைபிளைக் கொண்டுவந்தது. மௌசரின் நகத்தை எடுத்துக்கொண்டு, ட்ரிகரையும் பாதுகாப்புக் குமிழையும் நன்றாகத் திருத்திய அமைப்பு. அமெரிக்க வேட்டைக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். 1963 வரை 5,80,000 அளவில் செய்தார்கள். (அதே 1936-ல்தான் நம் குமாயூனில் ஹெய்லி தேசியப் பூங்கா ஆரம்பித்தது. பிற்காலத்தில் அதற்குத்தான் கார்பெட் பெயர் வைத்தார்கள்.)

சங்கடம் என்னவென்றால், இந்த வகை ஆக்‌ஷனில் வேலை அதிகம். அடித்து உருவாக்கிய இரும்புக் கட்டியைக் குடைந்து, வெட்டி, அரம் போட்டு, கடைசியில் கையால் பொருத்த வேண்டும். போர் முடிந்து கூலி ஏற ஏற அடக்கவிலை ஏறியது. பக்கத்திலேயே ரெமிங்டன் கம்பெனி வேறு கணக்குப் போட்டது. 1948-ல் மாடல் 721, 722. 1962-ல் மாடல் 700. சட்டத்தை உருண்டைக் கம்பியிலிருந்து லேத்தில் கடைந்துவிடலாம். நீள நகம் கிடையாது; போல்ட்டின் முகத்துக்குள்ளேயே சின்னக் கொக்கி. தோட்டாவை முன்னால் தள்ளுவது மட்டும்தான் போல்ட்டின் வேலை. முழுவதும் மூடும்போதுதான் கொக்கி 'க்ளிக்' என்று விளிம்பைப் பிடிக்கும். 'புஷ் ஃபீட்' என்று பெயர்.

வின்செஸ்டர் பார்த்தது. 1964-ல் மாடல் 70-ஐ மாற்றியது. நகம் போச்சு, புஷ் ஃபீட் வந்தது. கட்டையில் கையால் செதுக்கிய கட்டங்களுக்குப் பதில் அச்சில் அழுத்திய கட்டங்கள். பெயர் அதே மாடல் 70.

வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். '64-க்கு முந்தியது' என்று ஒரு தனி ஜாதியே உருவாகி, பழைய ரைபிள்களுக்கு விலை ஏறியது. கம்பெனி தன்னுடைய பழைய சரக்கோடு தானே போட்டி போடவேண்டிய நிலைமை. 1990-களின் தொடக்கத்தில் 'க்ளாஸிக்' என்ற பெயரில் நகத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் 2006-ல் ந்யூ ஹேவன் தொழிற்சாலையை மூடினார்கள். பிறகு வேறு ஊரில், பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனியின் அமெரிக்கத் தொழிற்சாலையில் மாடல் 70 உயிர்பெற்றது.

பி.காம் படித்தவனுக்கு இதில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஒரு கம்பெனி தானாகச் சம்பாதித்த குட்வில்லைத் தன் பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டக்கூடாது என்பது கணக்கு விதி. விலைகொடுத்து வாங்கிய குட்வில்லுக்கு மட்டுமே இடம். நல்ல விதிதான், ஆளாளுக்குக் கற்பனைச் சொத்து எழுதுவதைத் தடுக்கிறது. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு. கணக்கில் ஏறாத சொத்து கரைந்தாலும் கணக்கில் தெரியாது. 1964-ல் நகத்தை எடுத்ததில் மிச்சமானது எவ்வளவு என்று காஸ்ட் ஷீட் பைசா சுத்தமாகச் சொல்லியிருக்கும். போனது எவ்வளவு என்று எந்த ஷீட்டும் சொல்லியிருக்காது.

புதியது ஜெயிக்கும் இடங்கள்

இவ்வளவும் சொல்லிவிட்டு, இனி எதிர்க்கட்சி வாதம். இதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை.

பலம்: புதிய ஆக்‌ஷன் பழையதைவிட பலவீனம் என்று நினைத்தால் தப்பு. பழைய மௌசர்கள் கார்பன் குறைந்த மெதுவான இரும்பில் செய்து, மேல்தோலை மட்டும் கடினப்படுத்தியவை. இன்றைய க்ரோம்-மாலிப்டினம் உருக்கு உள்வரை கடினம். ரெமிங்டன் 700-ல் தோட்டாவின் அடிப்பாகத்தைப் போல்ட்டின் விளிம்பு, குழல், சட்டம் என்று மூன்று எஃகு வளையங்கள் சூழ்ந்திருக்கும். மௌசரின் நகத்துக்கு வழிவிட வேண்டியிருப்பதால் அதில் அப்படி முழுதாகச் சூழ முடியாது. மூன்றாவது காது செய்த வேலையை இன்று உலோகவியல் செய்கிறது.

குறி: இங்கே போட்டியே இல்லை. பழைய மௌசரின் ஊசி கனமானது, அதிக தூரம் ஓடி அடிக்கும். விசையை அழுத்தியதற்கும் வெடிப்பதற்கும் நடுவில் கை அசைய நேரம் இருக்கும். புதியவற்றில் ஊசி இலகு, ஓட்டம் குறைவு. உருண்டைச் சட்டத்தைக் கட்டையில் பிசகில்லாமல் உட்கார வைப்பது சுலபம். 100 கஜத்தில் மூன்று தோட்டாவும் ஓர் அங்குல வட்டத்துக்குள் விழும் என்று சில கம்பெனிகள் எழுதியே கொடுக்கின்றன. கார்பெட் காலத்தில் கைதேர்ந்த துப்பாக்கிக்காரர் தனியாக உட்கார்ந்து செய்தால்தான் இது.

தொலைநோக்கி: மௌசரின் கைப்பிடியும் மேலே புரளும் பாதுகாப்புச் சிறகும் தொலைநோக்கியை இடிக்கும். அது வந்த காலத்தில் கண்தான் தொலைநோக்கி. இன்று டெலஸ்கோப் இல்லாத வேட்டை ரைபிள் அபூர்வம்.

நம்பகம்: அமெரிக்க மரைன் படை 1966-ல் தன் குறிசூட்டாளர்களுக்கு எடுத்த எம்40, ராணுவம் 1988-ல் எடுத்த எம்24, இரண்டும் ரெமிங்டன் 700-லிருந்து வந்தவை. புஷ் ஃபீட் உதவாது என்றால் இவர்கள் ஏன் எடுக்கிறார்கள்? இன்னொன்று, பழைய மௌசரில் தோட்டாவைக் கையால் நேராக அறைக்குள் போட்டு மூடினால் நகம் விளிம்பைத் தாண்ட மறுக்கும். மேகசின் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். புஷ் ஃபீடில் எப்படிப் போட்டாலும் பிடித்துக்கொள்ளும்.

விலை: ரிக்பி இன்றைக்கும் லண்டனில் மௌசர் ஆக்‌ஷனில் ரைபிள் செய்கிறார்கள், பல ஆயிரம் பவுண்டு. ரூகர் கம்பெனியின் 'அமெரிக்கன்' போன்றவை சில நூறு டாலர். மூன்று காது, 70 டிகிரி திருப்பல், ப்ளாஸ்டிக் கட்டை. சாதாரண விவசாயி வாங்கக்கூடிய விலையில் நல்ல குறி கிடைக்கிறது. இது சின்ன சாதனை இல்லை.

புதியதிலும் வில்லங்கம் உண்டு. ரெமிங்டன் 2014-ல் 700 வகையின் ட்ரிகர்களில் விரல் படாமலே வெடிக்கும் அபாயம் என்று லட்சக்கணக்கில் திரும்ப அழைத்தது. அது ஆக்‌ஷனின் குற்றம் இல்லை, ட்ரிகரின் குற்றம். ஆனால் விபத்தில் சிக்கியவருக்கு அந்த வித்தியாசம் என்ன ஆறுதல்?

அப்படியென்றால் பெரியவர் சொன்னது?

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் ஒரே ஓர் இடத்தில் பழையது இன்றும் முன்னால் நிற்கிறது. பயத்தில் பாதி தள்ளி, பாதி இழுத்து, மறுபடி தள்ளும் கை. புஷ் ஃபீடில் முதல் தோட்டா கொக்கியில் மாட்டாமல் அறைவாயிலேயே தங்கிவிடும். இரண்டாவது அதன் பின்னால் போய் முட்டும். இரண்டும் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி மைதானத்தில் இது ஒரு சிரிப்பு. பத்தடியில் காட்டெருமை வரும்போது இல்லை. ஆப்பிரிக்காவில் யானை, எருமை, சிங்கம் இருக்கும் காடுகளில் தொழில்முறை வேட்டை வழிகாட்டிகள் பலர் இன்றும் நீள நகத்தைக் கேட்பது இதனால்தான். 200 கஜத்தில் மானைச் சுடுகிறவருக்கு இந்த நகத்தால் நயா பைசா பிரயோஜனம் இல்லை.

ஆகவே பெரியவர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நான் கொஞ்சம் திருத்துவேன். புதியதைச் செய்கிறவர்கள் விலையை மட்டும் நினைக்கவில்லை. ஆயிரம் பேரில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரின் தேவையை நினைத்தார்கள். மௌசர் மிச்சமுள்ள அந்த ஒருவரை நினைத்தார். சராசரிக்குச் செய்த பொருளில் அந்த ஒருவரின் செலவு மறைந்துபோகிறது. அது தயாரித்தவர் தலையில் விழாமல், காட்டுப் பாதையில் தனியாக நிற்பவர் தலையில் விழுகிறது. எங்கள் தொழிலிலும் வாராக்கடனுக்கு ஒதுக்கீடு செய்யும்போது லாபம் குறைகிறதே என்று மேலிடத்தில் முகம் சுளிப்பார்கள். எல்லாம் நன்றாக நடக்கும் வருடங்களில் அந்த ஒதுக்கீடு தண்டமாகத்தான் தெரியும். மூன்றாவது காதும் நூறு வருடம் தண்டமாகத்தான் உட்கார்ந்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், நகத்தை ஒழித்ததும் இயந்திரம், திரும்பக் கொண்டுவந்ததும் இயந்திரம். கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் இயந்திரங்கள் வந்தபிறகு, ஒருகாலத்தில் பத்துப்பேர் அரம் போட்ட வடிவத்தை வெட்டுவது முன்போல் செலவு இல்லை. வின்செஸ்டரின் 'க்ளாஸிக்' வந்த அதே 1990-களில் ரூகரும் தன் 77 மாடலில் நகப்பிடியைக் கொண்டுவந்தது. செலவு என்ற காரணம் குறைந்ததும் பழைய யோசனை தன் தகுதியிலேயே திரும்பி வந்துவிட்டது.

கார்பெட்டின் ரிக்பி, அவருக்குப்பின் அவர் புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பதிப்பகத்திடம் பல காலம் இருந்து, கடைசியில் அதைச் செய்த ரிக்பி கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது. 1972-ல் எண்ணியபோது இந்தியாவில் புலிகள் 1,827. 2022 கணக்கெடுப்பின் மதிப்பீடு 3,682. எண்ணிய முறை அன்றைக்கும் இன்றைக்கும் வேறு என்பதால் நேராகக் கழித்துப் பார்க்க முடியாது, ஆனாலும் சந்தோஷப்படலாம். புலியைச் சுட நம்பகமான துப்பாக்கி செய்தவர்களுக்கு ஒரு வணக்கம். அதைச் சுடவே வேண்டாம் என்று சட்டம் செய்தவர்களுக்கு இரண்டு வணக்கம்.

உங்களில் எஸ்டேட் குடும்பத்தினர், பழைய ஜமீன் வழி வந்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். தாத்தாவின் துப்பாக்கி வீட்டில் இருக்கிறதா? முதலில் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள் (பேங்க்காரன் புத்தி). இருந்தால், தோட்டா இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு போல்ட்டை வெளியே எடுத்து வலப்பக்கம் பாருங்கள். நீளமாக ஒரு தகடும் நுனியில் கொக்கியும் இருந்தால் அது ஓபர்ன்டார்ஃப் வம்சம். அப்படியே பின்பக்கம் திருப்பினால் ஒரு வேலையும் செய்யாமல் ஒரு காது உட்கார்ந்திருக்கும். இருந்தால் எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.